பாண்டியில் பிறந்த கடலூர்க் குழந்தை: மக்கள்தொகையியல் படிக்கத் தொடங்குவோருக்கு

என் அக்காவின் இரண்டாவது மகன் பாண்டியிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் பிறந்தான். அக்கா குடியிருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். பிரசவத்தில் சிக்கல் வரலாம் என்று இங்கிருந்த டாக்டர் எழுதிக் கொடுத்ததால் ராத்திரியோடு ராத்திரியாகப் பாண்டிக்கு அழைத்துப் போனோம். ஆறாம் நாள் தாயும் பிள்ளையும் வீடு திரும்பிவிட்டார்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் உழவர்கரை நகராட்சியுடையது. அவன் குடிக்கும் தண்ணீர், போட்டுக்கொள்ளும் தடுப்பூசி, சேரப்போகும் பள்ளிக்கூடம் எல்லாம் கடலூர். இந்தக் குழந்தையை எந்த ஊர்ப் பிறப்பில் சேர்ப்பது?

மக்கள்தொகையியல் படிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். இந்தப் படிப்பில் வரும் ஏறக்குறைய எல்லா எண்ணும் ஒரு பின்னம். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருப்பவர்கள் கீழே இருக்கும் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தானா என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி. அதற்கான பயிற்சியைப் படிப்படியாகச் சொல்கிறேன். கணக்கு பயம் உள்ளவர்களும் தைரியமாக வரலாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதல் படி: உங்கள் தெருவை எண்ணுங்கள்

பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். நாற்பது வீடு போதும். வீட்டுக்கு வீடு யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். ஆணா, பெண்ணா, திருநரா, என்ன வயது, எங்கே பிறந்தவர், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார். இவ்வளவுதான்.

மூன்றாவது வீட்டிலேயே சிக்கல் தொடங்கும். மாடியில் மகன் குடும்பம், கீழே அப்பா அம்மா. இது ஒரு குடும்பமா, இரண்டா? சென்சஸில் இதற்கு எளிய விதி உண்டு: ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். எனவே சொத்து யார் பெயரில் என்று கேட்காதீர்கள், உலை எத்தனை என்று கேளுங்கள்.

அடுத்த வீட்டில் மகன் துபாயில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார். வீட்டில் எத்தனை பேர் என்று அம்மாவைக் கேட்டால் அவரையும் சேர்த்துத்தான் சொல்வார், எந்த அம்மாவும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள். புகுந்த வீடு விழுப்புரம். வந்து மூன்று மாதமாகிறது. இவரை இங்கே எண்ணுவதா, அங்கே எண்ணுவதா?

இரண்டு வழிகள் உண்டு. வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே எண்ணலாம். அல்லது எண்ணும் அன்று எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ணலாம். நம் சென்சஸ் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுத்தார்கள். வழக்கமாக ஒரு வீட்டில் இருப்பவர் அந்த நாட்கள் முழுவதும் வெளியூரில் இருந்தால், அவர் இருந்த இடத்திலேயே எண்ணப்பட வேண்டும். வீடில்லாதவர்களை பிப்ரவரி 28 இரவு, அவர்கள் படுத்திருந்த இடத்துக்கே போய் எண்ணினார்கள். எந்த வழி சரி என்று வாதாடத் தேவையில்லை. எண்ணத் தொடங்கும் முன் விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வீடு வரை அதை மாற்றாதீர்கள்.

வயது கேட்பது

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். உங்கள் நோட்டில் 40, 45, 50, 60 என்ற வயதுகள் நிறைய இருக்கும்; 41, 47, 58 குறைவாக இருக்கும். 0-விலும் 5-லும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிவது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். பிறந்த தேதி எழுதி வைக்காத தலைமுறை உள்ள எல்லா ஊரிலும் இப்படித்தான்.

பயிற்சிக்காக ஒருமுறை தேவனாம்பட்டினத்தில் கணக்கெடுக்கப் போயிருந்தேன். 2012-ஆம் வருஷம். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய கழிவுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். வயது கேட்டேன். "எழுவது இருக்கும், எழுதிக்கோ" என்றார். எழுதாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுனாமி வந்தப்போ பேரப்பிள்ளை எத்தனாவது படித்தான், எம்.ஜி.ஆர். இறந்தபோது எத்தனை பிள்ளைகள் பிறந்திருந்தார்கள், அண்ணா இறந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போனோம். அண்ணா பேரைச் சொன்னதும் வேலையை நிறுத்திவிட்டார். "அந்த வருசம்தான் எனக்குக் கல்யாணம். ரேடியோப் பெட்டியைச் சுத்தி ஊரே அழுதுது." அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. கல்யாணத்தின்போது பதினேழு பதினெட்டு இருக்கும் என்றார். அப்படியானால் 2012-ல் அவருக்கு அறுபதோ அறுபத்தொன்றோதான். ஒரு நிமிஷத்தில் எழுதியிருந்தால் ஏறக்குறைய பத்து வருஷம் கூடுதலாகப் போயிருக்கும்.

இதற்கு நிகழ்ச்சி நாட்காட்டி என்று பெயர். உங்கள் பகுதிக்கு ஒன்று தயார் செய்துகொள்ளுங்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த 1954 நவம்பர் 1, கடலூர்ப் பக்கம் என்றால் அண்ணா மறைவு, எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல். பெரியவர்கள் தேதியை மறந்திருக்கலாம். அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள்.

வயதுகள் சேர்ந்ததும் ஐந்து ஐந்து வருஷமாகப் பிரித்து, இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள் என்று கட்டம் கட்டமாக அடுக்குங்கள், குழந்தைகள் கீழே, முதியவர்கள் மேலே. இதுதான் வயதுப் பிரமிடு. கீழே அகன்றிருந்தால் பிறப்பு அதிகம். அடி சுருங்கி நடுவில் பெருத்திருந்தால் பிறப்பு குறைந்து வருகிறது. துபாய்க்கும் சென்னைக்கும் ஆண்கள் போன தெருவில் 20-க்கும் 40-க்கும் நடுவே இடப்பக்கம் பள்ளமாக இருக்கும்.

இரண்டாம் படி: நான்கு வாசல்கள்

ஒரு ஊரின் மக்கள்தொகை மாறுவதற்கு நான்கே வழிகள்தான். பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது. ஐந்தாவது கிடையாது.

ஒரு தெருவில் ஜனவரியில் 162 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குள் 2 பிறப்பு, 1 இறப்பு. 5 பேர் குடிவந்தார்கள், 7 பேர் போனார்கள். 162 + 2 − 1 + 5 − 7 = 161. பிறப்பு இறப்பைவிட அதிகம், ஆனாலும் தெரு சுருங்கிவிட்டது. பிறப்பில் இறப்பைக் கழித்தால் வருவது இயற்கை வளர்ச்சி. வந்தவர்களில் போனவர்களைக் கழித்தால் நிகர இடப்பெயர்ச்சி. யாராவது "ஜனத்தொகை ஏறிவிட்டது, பிள்ளைகள் அதிகமாகப் பெறுகிறார்கள்" என்று சொன்னால் எந்த வாசல் வழியாக ஏறியது என்று கேளுங்கள்.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 2001-ல் 9,74,345 பேர். 2011-ல் 12,47,953 பேர். பத்து வருஷத்தில் 28 சதவீதம். அதே காலத்தில் கடலூர் மாவட்டம் 22,85,395-லிருந்து 26,05,914 ஆனது, 14 சதவீதம். ஒட்டி ஒட்டிக் கிடக்கும் இரண்டு இடங்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருக்கிறது. பாண்டிக்காரர்கள் இரண்டு மடங்கு பிள்ளை பெற்றார்களா? இல்லை. வேலை, கல்லூரி, மருத்துவமனை என்று வந்து தங்கியவர்கள் அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு.

மூன்றாம் படி: எண்ணிக்கையை வீதமாக மாற்றுவது

பிறப்பு வீதம் என்பது ஒரு வருஷத்தில் பிறந்தவர்களை அந்த வருஷத்தின் நடுவில் இருந்த மக்கள்தொகையால் வகுத்து 1,000-ஆல் பெருக்குவது. நம் தெருவுக்கு நடுவருஷ எண், 162-க்கும் 161-க்கும் சராசரி, 161.5. இரண்டு பிறப்பு என்றால் வீதம் 12.4. இன்னும் ஒரு குழந்தை பிறந்திருந்தால் 18.6. ஒரே ஒரு தொட்டில் வீதத்தை இப்படித் தூக்கிவிடுகிறது. ஆகவே தெருவுக்கும் சிறிய கிராமத்துக்கும் வீதம் போட்டுச் சண்டை போடாதீர்கள். பழகத்தான் தெரு.

இன்னொரு எச்சரிக்கை: பிறப்பு, இறப்பு வீதங்கள் ஆயிரத்துக்கு, வளர்ச்சி வீதம் நூற்றுக்கு. தமிழ்நாட்டில் 2020-ல் பிறப்பு வீதம் 13.8, இறப்பு வீதம் 6.1. வித்தியாசம் 7.7. அது ஆயிரத்துக்கு, அதாவது 0.77 சதவீதம்.

இப்போது அக்கா மகனிடம் திரும்புவோம். சட்டப்படி பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஜிப்மருக்குக் கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து பிரசவத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். அந்தப் பிறப்புகளெல்லாம் புதுச்சேரிப் பதிவேட்டில். நான் படித்த காலத்தில் பதிவான பிறப்புகளை அப்படியே எடுத்து, புதுச்சேரி மக்கள்தொகையால் வகுத்து, பிறப்பு வீதம் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்தப் பிள்ளைங்கள்ல எத்தனை பேர் ராத்திரி பாண்டியில தூங்குது?" மேலே கடலூர்க் குழந்தைகளும் சேர்ந்திருந்தார்கள், கீழே கடலூர்த் தாய்மார் இல்லை. புதுச்சேரி வீதம் வீங்கியிருந்தது. அதே காரணத்தால் கடலூர் வீதம் இளைத்துப்போகும். இதற்கு மருந்து பதிவுப் படிவத்திலேயே இருக்கிறது: தாய் வழக்கமாக வசிக்கும் ஊர் என்று ஒரு கேள்வி உண்டு. அதை வைத்துப் பிரித்தால் குழந்தைகள் அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

இறப்புக்கும் இதே கதைதான். ஆனால் இறப்பு வீதத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 2020-ல் இந்திய இறப்பு வீதம் 6.0, தமிழ்நாட்டில் 6.1. அப்படியானால் தமிழ்நாட்டில் மருத்துவ வசதி மோசமா? அதே வருஷம் ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. குழந்தை இறப்பு நாட்டுச் சராசரியில் பாதிகூட இல்லாத மாநிலத்தில் மொத்த இறப்பு வீதம் மட்டும் ஏன் இறங்கவில்லை? இங்கே முதியவர்கள் அதிகம். 2011-ல் 60 வயதைத் தாண்டியவர்கள் தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், இந்தியாவில் 8.6 சதவீதம். வயது அமைப்பைப் பார்க்காமல் இரண்டு இடங்களின் இறப்பு வீதத்தை ஒப்பிடக் கூடாது.

சராசரி ஆயுட்காலத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் இந்தியாவில் அது 32 வயதுதான். எல்லோரும் முப்பத்திரண்டில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. கைக்குழந்தைகள் கூட்டம் கூட்டமாக இறந்ததால் சராசரி கீழே இழுக்கப்பட்டது. பிழைத்து வளர்ந்த பலர் பேரன் பேத்தி எடுத்தார்கள்.

நான்காம் படி: கருவளம்

செய்திகளில் அடிக்கடி வருவது மொத்தக் கருவள வீதம். 15 முதல் 49 வயது வரை ஒவ்வொரு வயதிலும் இந்த வருஷம் பெண்கள் எந்த வீதத்தில் பிள்ளை பெறுகிறார்களோ, அதே வீதங்களில் ஒரு பெண் தன் வாழ்நாள் முழுக்கப் பெற்றால் அவருக்கு எத்தனை பிள்ளைகள் இருக்கும் என்ற கணக்கு. அப்படி ஒரு பெண் எங்கும் இல்லை. ஒரு வருஷத்தின் நிலவரத்தை ஒரு வாழ்க்கையாக நீட்டிப் பார்க்கிறோம்.

ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்ய இந்த எண் சுமார் 2.1 இருக்க வேண்டும். அப்பா அம்மா இருவருக்கு இரண்டு போதாதா என்றால், இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறக்கின்றன, பெண் குழந்தைகளில் சிலர் தாயாகும் வயதை எட்டுவதில்லை. அதற்காகத்தான் அந்த 0.1.

தமிழ்நாட்டில் 2020-ல் மாதிரிப் பதிவு முறைப்படி, அதாவது தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதியும் அரசுக் கணக்குப்படி, இது 1.4. ஏறக்குறைய அதே காலத்தில், 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது 1.8. இரண்டும் அரசின் கணக்குதான். மாதிரி வேறு, கேட்ட விதம் வேறு, எடுத்துக்கொண்ட காலமும் வேறு. எந்த எண்ணைச் சொன்னாலும் மூலத்தையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு மூலத்தின் பழைய எண்ணையும் இன்னொரு மூலத்தின் புதிய எண்ணையும் வைத்து "ஏறியது, இறங்கியது" என்று பேசாதீர்கள்.

சரி, 2.1-க்குக் கீழே போய்விட்டால் மக்கள்தொகை உடனே குறையுமா? குறையாது. தமிழ்நாடு 2000-ஐ ஒட்டியே அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. ஆனாலும் 2001-க்கும் 2011-க்கும் நடுவே 15.6 சதவீதம் வளர்ந்தது. முந்தைய இருபது முப்பது வருஷங்களில் பிறந்த பெண்கள் அப்போதுதான் தாயாகும் வயதுக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்று இரண்டுதான் பெற்றார்கள், ஆனால் பெறும் வயதில் இருந்தவர்கள் அதிகம். இதை மக்கள்தொகை உந்தம் என்பார்கள். உங்கள் பிரமிடின் நடுப்பகுதியைப் பார்த்தாலே விளங்கும்.

பாலின விகிதம்

நம் நாட்டில் இதை ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று சொல்கிறோம். பல வெளிநாடுகளில் நூறு பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று சொல்வார்கள். படிக்கும்போது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2011-ல் கடலூர் மாவட்டத்தின் பாலின விகிதம் 987. பரவாயில்லை என்று தோன்றும். அடுத்த கட்டத்தையும் பாருங்கள்: ஆறு வயது வரையான குழந்தைகளில் மட்டும் எடுத்தால் 896. இயற்கையாகப் பிறப்பில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் இருக்க வேண்டும். பெண்கள் ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்வதால் பாட்டிமார்களின் எண்ணிக்கை மொத்த விகிதத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. கீழே பேத்திகள் இல்லாமல் போனதை அது மறைத்துவிடுகிறது. பிறக்கும் முன் பாலினத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்தும் இந்த எண் என் சொந்த மாவட்டத்துடையது. வகுப்பில் இதைப் பலகையில் எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனத்துப்போகும். மொத்த விகிதத்தை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று மாணவர்களிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்வேன்.

ஐந்தாம் படி: யார் இடம்பெயர்ந்தவர்?

பிறப்பும் இறப்பும் ஒருமுறைதான். இடப்பெயர்ச்சி ஒரே ஆளுக்குப் பத்து முறை நடக்கலாம், அதனால்தான் இது பிடிபடாமல் நழுவும். 2011 சென்சஸில் பிறந்த இடம், கடைசியாக வசித்த இடம், வந்து எத்தனை காலம், ஏன் வந்தார் என்று கேட்டார்கள்.

பிறந்த இடத்தை வைத்துப் பார்ப்பதில் நம் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். குழந்தை பண்ருட்டியில் பாட்டி வீட்டில் பிறந்து, ஐந்தாம் மாதம் புதுச்சேரி வந்து, அங்கேயே வாழ்நாள் முழுக்க இருந்தாலும் பிறந்த இடக் கணக்கில் அது இடம்பெயர்ந்த குழந்தை. மாநிலம் விட்டு மாநிலம் வேறு.

எல்லையையும் யோசியுங்கள். பாண்டியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வரும்போது கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு, ரெட்டிச்சாவடி. அங்கிருந்து புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண் சில கிலோமீட்டர்தான் போகிறார். ஏட்டில் அவர் மாநிலம் கடந்த புலம்பெயர்ந்தவர். கடலூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் ஆள் மாநிலத்துக்குள்ளேயே நகர்ந்தவர். தூரமும் எல்லையும் வேறு வேறு. புதுச்சேரி மாதிரிச் சிறிய, துண்டு துண்டாகக் கிடக்கும் பகுதியில் மாநிலங்களுக்கிடையிலான இடப்பெயர்ச்சி பெரிதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். இந்தியாவில் பெண்களின் இடப்பெயர்ச்சிக்கு முதல் காரணம் கல்யாணம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வேலைக்காக வந்து ஊரே உருவானதற்கு நெய்வேலி இருக்கிறது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு பல மாவட்டத்துக்காரர்கள் வந்து குடியேறினார்கள். போனவர்கள் கதைக்குப் புதுச்சேரியும் காரைக்காலும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் இந்தத் துறைமுகங்களிலிருந்து போனார்கள்.

கோட்பாடு பக்கம் கொஞ்சம்

மக்கள்தொகை மாற்றக் கோட்பாட்டைப் பாடத்தில் பார்ப்பீர்கள். முதலில் பிறப்பும் இறப்பும் இரண்டும் அதிகம். பிறகு இறப்பு இறங்குகிறது. பிறப்பு பின்னால் மெதுவாக இறங்குகிறது. அந்த இடைவெளியில் மக்கள்தொகை பெருகுகிறது. 1929-ல் வாரன் தாம்சன் போட்ட அடித்தளம் இது. நம் நாட்டில் 1911-க்கும் 1921-க்கும் நடுவே மக்கள்தொகை ஏறவே இல்லை, சற்றுக் குறைந்தது. 1918 விஷக்காய்ச்சல் (இன்ஃபுளுயென்சா) அவ்வளவு பேரைக் கொண்டுபோனது. 1921-க்குப் பிறகு எந்தச் சென்சஸிலும் குறையவில்லை.

சார்பு விகிதமும் வரும்: உழைக்கும் வயதினர் நூறு பேருக்குக் குழந்தைகளும் முதியவர்களும் எத்தனை பேர். பயனுள்ளதுதான். ஆனால் கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போகும் அறுபத்தைந்து வயது அம்மாவையும் இந்தச் சூத்திரம் சார்ந்திருப்பவர் என்றுதான் எழுதும். வயதை வைத்து உழைப்பை ஊகிக்கிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

ஆறாம் படி: கோப்புகளைத் திறப்பது

சென்சஸ் இணையதளத்திலிருந்து உங்கள் மாவட்டத்தின் 2011 அட்டவணைகளை இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் வயது–பாலின அட்டவணை, பிறகு இடப்பெயர்ச்சி அட்டவணை. வருஷாவருஷ வீதங்களுக்கு மாதிரிப் பதிவு முறை அறிக்கை. மாவட்ட அளவில் உடல்நல விவரங்களுக்குக் குடும்பநல ஆய்வின் மாவட்டத் தாள். இந்த மூன்றும் ஒரு வருஷத்துக்குத் தாங்கும். மேலே படிக்க நினைத்தால் தூரம் போக வேண்டாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை உண்டு. 1970-களில் அங்கே துணைவேந்தராக இருந்த எஸ். சந்திரசேகர் மக்கள்தொகையியல் அறிஞர், 1967-ல் மத்திய அமைச்சராகக் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையைக் கவனித்தவர்.

2021-ல் வரவேண்டிய சென்சஸ் கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கு அறிவித்திருக்கும் குறிப்பு நேரம் 2027 மார்ச் 1, பூஜ்ய மணி. அதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு வேலை செய்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணா, எம்.ஜி.ஆர்., சுனாமி என்று பின்னால் போய் அவர்களுடைய வயதைக் கண்டுபிடியுங்கள். பிறந்த ஊரையும், இங்கே வருவதற்கு முன் கடைசியாக இருந்த ஊரையும் தனித்தனியாகக் கேளுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கணக்கெடுக்க வருகிறவர் கதவைத் தட்டும்போது கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.